லீவை விற்கலாமா?

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும். "லீவு போட்டு என்ன செய்யப் போறீங்க? சரண்டர் பண்ணினா காசாவது வரும்!"

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2020-ல் நிறுத்தப்பட்ட ஈட்டிய விடுப்பு சரண்டர், 2025 அக்டோபரிலிருந்து திரும்ப வந்துவிட்டது. 15 நாளைக் கொடுத்தால் அரை மாதச் சம்பளம். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வட்டி கட்டித் தூக்கம் கெட்டவருக்கு அந்தப் பணமே பாதி மருந்து.

சென்ற மாதம் ஒருவர் மனைவியோடு வந்தார். வயது 54. ரத்தக் கொதிப்பு, தூக்கமின்மை. ஞாயிற்றுக்கிழமையும் ஃபைலோடுதான். "பத்து நாள் ஓய்வு எடுங்க சார்" என்றேன்.

"சரண்டர் பண்ணிட்டேன் டாக்டர். பொண்ணு காலேஜ் ஃபீஸ்!"

"சரி, வருஷத்துக்கு 30 நாளாச்சே. மீதி 15?"

"அது கணக்குல சேர்ந்துடும்."

"கணக்குல எவ்வளவு இருக்கு?"

"240 எப்பவோ ரொம்பிடுச்சு."

அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். 240 நாளுக்கு மேல் சேராது என்பது அவருக்கும் தெரியும். ஆக, அந்த 15 நாளுக்குக் காசும் இல்லை, ஓய்வும் இல்லை!

பணமா, விடுப்பா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாதியை விற்றுக்கொள்ளுங்கள், மீதியை எடுத்துவிடுங்கள். அடக்கக் கூடாத 14 வேகங்களில் நித்திரையையும் இளைப்பையும் சித்தர்கள் சேர்த்திருக்கிறார்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவிகிதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் சொன்னது.

நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து என்பது தேரையர் வகுத்த முறை. அதற்கு ஒருநாள் வீட்டில் இருக்க வேண்டும். "லீவு இல்லை" என்று தள்ளிப் போடுகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். (நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம், நாடி பார்த்துத்தான் தர வேண்டும்.)

முதல் இரண்டு நாள் வெறுமனே தூங்குங்கள். பிறகு எண்ணெய் முழுக்கு. கொதிப்புக்குச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அவர் பத்து நாள் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே போன்: "ஆபீஸ்லேர்ந்து கூப்பிடறாங்க டாக்டர், எடுக்கலாமா?"

"போனை அம்மாகிட்ட கொடுங்க" என்றேன்.