வண்டிக்கு அடியில் பட்ட அடி: கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா?

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிய செய்தி தெரிந்துவிட்டால் போதும். ரயில் டிக்கெட் எடுக்க, பரீட்சை ரிசல்ட் பார்க்க, கரண்ட் பில் கட்ட என்று அக்கம்பக்கத்தினர் எல்லாம் நம்மைத் தேடி வருவார்கள். சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்தது ஒரு வண்டி!

என் மச்சினனுக்கு ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் எஸ்டேட்டுகளுக்கு உரமும் சாமான்களும் ஏற்றிச் செல்லும் போர் வீல் டிரைவ் பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். முன்னால் இரண்டு வரிசை ஸீட், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. போடிமெட்டு மலைப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அதற்கப்பால் எஸ்டேட்டுக்குள் கல்லும் சேறுமான பாதையில் தினமும் ஓடும் வண்டி அது.

ஒரு சனிக்கிழமை இரவு வந்து நின்றார். "மாமா, வியாழக்கிழமை இறக்கத்துல வரும்போது அடியில ஒரு கல்லு 'டொம்'முனு அடிச்சுச்சு. டேஷ்போர்டுல லைட்டு எதுவும் எரியல. இருந்தாலும் உங்க கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்த்துச் சொல்லுங்க. திங்கக்கிழமை எஸ்டேட்டுல இருந்து அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு இறங்கணும்" என்றார்.

அன்று இரவு நான் சொன்ன பதில் தவறானது. மறுநாள் காலையில் அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருப்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் சோதனை: ஓபிடி ரீடர்

2013-க்குப் பிறகு நம் நாட்டில் வந்த பெரும்பாலான கார், பிக்கப் வண்டிகளில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின்கள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். இதற்கு ஓபிடி-2 போர்ட் என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே இது கட்டாயம். வண்டியில் உள்ள எஞ்சின் கம்ப்யூட்டர், தான் கண்ட கோளாறுகளை எண்களாகச் சேமித்து வைத்திருக்கும். தீப்பெட்டி அளவுள்ள ஒரு புளூடூத் ரீடரை இந்த சாக்கெட்டில் செருகினால், அந்த எண்களை நம் போனிலோ லேப்டாப்பிலோ படிக்கலாம்.

செய்முறை எளிதுதான்.

1. வண்டியை நிறுத்திய நிலையில் ரீடரைச் செருகுங்கள்.
2. சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.
3. போனில் புளூடூத்தை ஆன் செய்து ரீடரைத் தேடி இணையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் 1234 அல்லது 0000 ஆக இருக்கும்.
4. ஓபிடி சாப்ட்வேரைத் திறந்து, கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள்.
5. எண்கள் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 'கிளியர்' என்ற பட்டனை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அதைத் தொட்டால், கோளாறு நேர்ந்தபோது எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து அழிந்துவிடும்.
6. வேலை முடிந்ததும் ரீடரைக் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் அப்படியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

நானும் இப்படித்தான் செய்தேன். ஒரு கோளாறும் இல்லை என்று திரையில் வந்தது. "ஒண்ணுமில்ல மாப்ள, தைரியமா ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

நான் செய்த தவறு

சென்சார் வைத்த இடத்தைப் பற்றித்தான் வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சைலன்ஸர் பைப்பில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரின் வயர் அறுந்தால் அது சொல்லும். வீலில் உள்ள வேக சென்சாரின் வயர் அறுந்தால் ஏபிஎஸ் விளக்கு எரியும். ஆனால் நான் வைத்திருந்தது விலை குறைந்த ரீடர். இவ்வகை ரீடர்கள் பெரும்பாலும் எஞ்சின் தொடர்பான குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ், ஏர்பேக் கம்ப்யூட்டர்களிடம் பேச அந்தந்த வண்டிக்கான தனி சாப்ட்வேர் தேவை.

அடித்தகடு வளைந்தால், டிபரன்ஷியல் கூட்டில் கீறல் விழுந்தால், கமான் பட்டை நகர்ந்தால், பிரேக் பைப் நசுங்கினால் அங்கெல்லாம் சென்சாரே இல்லை. 'கோளாறு இல்லை' என்று திரையில் வந்ததற்கு 'எனக்குத் தெரிந்த இடங்களில் கோளாறு இல்லை' என்பதுதான் பொருள். நான் அதை 'வண்டி நன்றாக இருக்கிறது' என்று படித்துவிட்டேன்.

இரண்டாவது சோதனை: யுஎஸ்பி கேமரா

வீட்டுச் சுவருக்குள் போகும் குழாயில் கேபிள் எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்க்க யுஎஸ்பி எண்டோஸ்கோப் கேமரா ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நீளமான வயரின் நுனியில் 8 மி.மீ. கனமுள்ள சிறு கேமரா, சுற்றிலும் எல்இடி விளக்குகள். ஞாயிற்றுக்கிழமை காலை, விளையாட்டாக அதை வண்டிக்கு அடியில் நுழைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

இந்தக் கேமரா பெரும்பாலும் வெப்கேம் போலவே வேலை செய்யும். லேப்டாப்பில் செருகி, ஸ்டார்ட் மெனுவில் 'கேமரா' என்ற புரோகிராமைத் திறந்து, கேமராவை மாற்றும் ஐகானைக் கிளிக் செய்தால் படம் வந்துவிடும். வராவிட்டால் செட்டிங்ஸில் 'பிரைவஸி' பகுதிக்குச் சென்று, கேமராவைப் பயன்படுத்த அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கும் படங்கள் 'பிக்சர்ஸ்' போல்டருக்குள் 'கேமரா ரோல்' என்ற போல்டரில் சேரும்.

வயரை அரை அங்குல பிவிசி பைப்பில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டேன். வண்டிக்கு அடியில் படுக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய நன்மை. வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை விடாதீர்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, எஞ்சினும் சைலன்ஸரும் ஆறிய பிறகே கேமராவை நுழையுங்கள்.

முன்பக்கம் இரும்பு அடித்தகட்டில் புதிய பள்ளம் தெரிந்தது. அதன் வேலையே அடி வாங்குவதுதான். அதற்கு மேலே ஆயில் சம்ப் ஈரமில்லாமல் இருந்தது. கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ் இரண்டிலும் பிரச்னை இல்லை. பின் ஆக்சிலின் இடது பக்கம் போனதும் கையை நிறுத்தினேன். ஆக்சிலோடு ஒட்டிச் செல்லும் பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப் உடைந்து, பைப் கீழே இறங்கியிருந்தது. கல் அதை ஓரிடத்தில் தட்டையாக்கியிருந்தது. சுற்றிலும் காய்ந்த சேறு. அந்த ஓரிடத்தில் மட்டும் சேறு கறுத்து ஈரமாக இருந்தது.

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தோம். ஆயில் 'மின்' கோட்டுக்குச் சற்று மேலே நின்றது. டேஷ்போர்டு விளக்கு ஏன் எரியவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஆயில் இன்னும் குறைந்த பிறகுதான் அந்த விளக்கு எரியும்.

"பிரேக் மிதிக்கும்போது வித்தியாசம் தெரிஞ்சுச்சா மாப்ள?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா பெடல் கொஞ்சம் கீழ போகுது மாமா. சேத்துல ஓடுனதால இருக்கும்னு விட்டுட்டேன்."

நான் சனிக்கிழமை இரவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ரீடரைச் செருகும் முன் ஓட்டியவரைக் கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் தனித்தனிச் சுற்று என்பதால் பைப் முழுதாக உடைந்தாலும் முன் பிரேக் வேலை செய்யும். ஆனால் ஐந்து பேரோடும் சுமையோடும் 17 வளைவுகளில் இறங்கும்போது பாதி பிரேக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

படத்தை வாட்ஸ்அப்பில் மெக்கானிக் அண்ணனுக்கு அனுப்பினோம். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "வண்டியை எடுக்காதீங்க, நானே வர்றேன்." மாலையில் வந்து, பைப்பை மாற்றி, கிளிப் போட்டு, பிரேக்கில் காற்று எடுத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை வண்டி போய் வந்தது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு அட்டை போதும்

பழைய பிரிட்ஜ் அட்டைப் பெட்டியைப் பிரித்து இரவு முழுவதும் வண்டிக்கு அடியில் விரித்து வையுங்கள். முன்பக்கம் எது என்று அட்டையில் எழுதிவிடுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று பாருங்கள்.

* கறுப்பு அல்லது பழுப்பு நிறம், எஞ்சினுக்கு நேர் கீழே: எஞ்சின் ஆயில்.
* கெட்டியாக, கந்தக வாடையோடு, பின் ஆக்சிலுக்குக் கீழே: டிபரன்ஷியல் ஆயில்.
* பச்சை அல்லது இளஞ்சிவப்பு, முன்பக்கம்: பெரும்பாலும் ரேடியேட்டர் கூலன்ட்.
* வெளிர்மஞ்சள், தண்ணீர் போல் ஓடும், வழுவழுப்பு, சக்கரத்துக்கு அருகில்: பிரேக் ஆயில். வண்டியை எடுக்காதீர்கள். இது பெயின்டையும் அரிக்கும். கையில் பட்டால் கழுவிவிடுங்கள்.
* நிறமோ வாடையோ இல்லாத தண்ணீர்: ஏசி ஓடியதால் வந்தது. கவலை வேண்டாம்.

ஓடையைக் கடந்து வந்த வண்டியில் டிபரன்ஷியல் ஆயிலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அது பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

கம்ப்யூட்டரின் உண்மையான உதவி: பதிவேடு

ஒரு படத்தைப் பார்த்து, அதிலுள்ள பள்ளம் பழசா புதுசா என்று எப்படிச் சொல்வது? பழைய படம் இருந்தால்தான் முடியும். இதற்காக 'வண்டி' என்று ஒரு போல்டர் உருவாக்கினேன். அதனுள் ஒவ்வொரு மாதமும் ஒரு போல்டர். பெயரை 2025-11, 2025-12 என்று ஆண்டை முதலில் வைத்துக் கொடுத்தால் விண்டோஸ் தானாகவே வரிசைப்படுத்திவிடும்.

ஒவ்வொரு மாதமும் ஒரே வரிசையில் 10 இடங்களைப் படம் எடுக்கிறோம்: அடித்தகடு, ஆயில் சம்ப், கியர் பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், டீசல் டேங்க், பிரேக் பைப் இடது, வலது, டிபரன்ஷியல், கமான் பட்டையும் யு போல்ட்டும், சைலன்ஸர். படங்களுக்கு 01, 02 என்று எண் கொடுங்கள். சென்ற மாதப் படத்தைத் திறந்து, விண்டோஸ் கீயுடன் இடது அம்புக்குறி கீயை அழுத்துங்கள். படம் பாதித் திரையில் ஒதுங்கும். இந்த மாதப் படத்தைத் திறந்து வலது அம்புக்குறியை அழுத்தினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புதிதாக என்ன மாறியிருக்கிறது என்பது சட்டென்று கண்ணில் படும்.

எக்செல்லில் ஒரு சிறு அட்டவணையும் வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடது பக்கமும் வலது பக்கமும் டேப்பால் அளந்து குறிக்கிறோம். கமான் பட்டையின் சென்டர் போல்ட் உடைந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்போது இரண்டு அளவுகளும் ஒத்துப்போகாது. முதல்முறை 4 மி.மீ. வித்தியாசம் வந்து நான் பயந்துபோனேன். "டேப் பிடிக்கிறதுலயே அவ்வளவு வரும். இதையே கணக்கா வச்சுக்குங்க, அடுத்த தடவை கூடுதான்னு பாருங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். அதன் பிறகு அந்த அளவு கூடவில்லை.

வருமுன் காக்க

* பாதையில் கல் கிடந்தால் அதை இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் விட்டு ஓட்டாதீர்கள். நடுவில்தான் டிபரன்ஷியல் தொங்குகிறது. நகர்த்த முடியாத கல் என்றால், மெதுவாக டயரை அதன் மேல் ஏற்றிக் கடப்பதே நல்லது. டயர் ஏறினால் ஆக்சிலும் சேர்ந்து உயரும்.
* வண்டியில் தரைக்கு மிக அருகில் உள்ள பாகம் எது, அது எந்தப் பக்கம் என்று ஒருமுறை குனிந்து பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.
* சந்தேகமான இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் நின்று வழி சொல்லட்டும்.
* அடித்தகட்டின் மேல் சேறு தங்கினால் ஈரம் நின்று துருப்பிடிக்கும், கசிவையும் மறைக்கும். வாரம் ஒருமுறை அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.
* உடைந்த கிளிப்பை அன்றே மாற்றுங்கள். எங்கள் வண்டியில் கல் பைப்பைத் தேடி மேலே வரவில்லை. கிளிப் விட்டதால் பைப்தான் கல்லுக்கு இறங்கி வந்தது.

இப்போதும் என் மச்சினன் மாதம் ஒருமுறை வண்டியோடு வருகிறார். ஓபிடி ரீடரை இன்றும் செருகிப் பார்க்கிறோம். ஆனால் அது கடைசி வேலை. முதலில் "பெடல் எப்படி இருக்கு மாப்ள?" என்று கேட்கிறேன். பிறகு அட்டை, அதன் பிறகு கேமரா.

உங்கள் வீட்டில் இருப்பது பிக்கப் அல்ல, சாதாரண கார்தான் என்றாலும் வேகத்தடையில் ஒருமுறையாவது அடி பட்டிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டையை விரித்து, ஒரு போல்டரை உருவாக்கி, முதல் 10 படங்களை எடுத்து வையுங்கள். அடுத்த முறை 'டொம்' என்று சத்தம் கேட்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அவை கைவசம் இருக்கும்.