உருவம் குலைந்தால் காவல் இல்லை

இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிறுவனத்தில் மோஷே ஓரன் குழுவினர் 1990இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களைப் புற்றுச் செல்களாக மாற்றி, ஆய்வகத் தட்டில் வளர்த்திருந்தார்கள். 37.5 டிகிரி செல்சியஸில் அவை கட்டுக்கடங்காமல் பெருகின. 32.5 டிகிரிக்கு இறக்கியதும் பெருக்கம் நின்றது. மறுபடி சூட்டை ஏற்றினால் மறுபடி பெருகின. இதற்கிடையே அந்தச் செல்களின் மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஒரு புரதத்தின் உருவம்தான் மாறியது.

அந்தப் புரதத்தின் பெயர் பி53. சோதனையில் பயன்பட்டது சுண்டெலியின் பி53. அதில் 135ஆம் இடத்தில் அலனினுக்குப் பதிலாக வேலின் என்ற அமினோ அமிலம் இருந்தது. சூட்டில் உருக்குலைந்து, அது செல்லின் உட்கருவுக்கு வெளியே கிடந்தது. குளிர்ச்சியில் சரியான உருவத்துக்குத் திரும்பி உட்கருவுக்குள் நுழைந்தது. செல் பிரிவதைத் தடுத்தது.

பி53 1979இல் லண்டனில் டேவிட் லேன், பிரின்ஸ்டனில் ஆர்னால்டு லெவின் உள்ளிட்ட பலரின் ஆய்வுகளில் தனித்தனியாகத் தென்பட்டது. முதல் பத்தாண்டுகள் அது புற்றைத் தூண்டும் புரதம் என்றே கருதப்பட்டது. ஆய்வகங்களில் புழங்கிய மரபணுப் பிரதிகள் பலவும் ஏற்கெனவே பிறழ்ந்தவை என்பது பிறகுதான் புரிந்தது. பிறழாத பி53 புற்றை அடக்குவது என்பது 1989இல் உறுதியானது. 1992இல் லேன் அதை ‘மரபணுத் தொகுதியின் காவலன்’ என்று அழைத்தார். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்தக் காவலன் பழுதடைந்திருக்கிறான்.

பிடித்து வைக்கும் கை

நலமாக இருக்கும் செல்லிலும் பி53 ஓயாமல் தயாராகிறது. தயாரான வேகத்திலேயே அழிக்கப்படுகிறது. அதன் அரை ஆயுள் பெரும்பாலும் 20 நிமிடங்கள் அளவில்தான். அழிக்கும் பொறுப்பு எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதத்தினுடையது.

பி53இன் தலைப்பகுதிக்கு நிலையான உருவம் கிடையாது. அது நெகிழ்ந்து அலையும் ஒரு சங்கிலி. எம்.டி.எம்.2இன் பள்ளத்தை அது தொடும்போதுதான் ஒரு சிறு சுருளாகச் சுருள்கிறது. அந்தச் சுருளின் ஒரே பக்கத்தில் 19, 23, 26ஆம் இடங்களின் அமினோ அமிலங்கள் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. மூன்றும் பள்ளத்துக்குள் ஆழப் பதிகின்றன. பிடி விழுந்ததும் எம்.டி.எம்.2 அதன்மேல் ‘யுபிக்விட்டின்’ என்ற அடையாளத்தை ஒட்டுகிறது. அடையாளம் பெற்ற புரதத்தைச் செல் சிதைத்துவிடுகிறது.

உருவாக்கியதை உடனே அழிப்பது வீண் செலவல்ல என்பதை 1995இல் வெளிவந்த ஒரு சோதனை காட்டியது. எம்.டி.எம்.2 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் கருவிலேயே, மிக ஆரம்ப நிலையிலேயே இறந்தன. அதோடு பி53 மரபணுவையும் நீக்கியபோது அவை உயிரோடு பிறந்தன. அதாவது, அடக்கி வைக்க ஆளில்லாத பி53 அந்த உயிரையே கொன்றுவிடுகிறது. காவலனையும் கட்டுக்குள் வைத்தாக வேண்டும்.

கதிர்வீச்சாலோ நச்சாலோ டி.என்.ஏ. முறியும்போது நிலைமை மாறுகிறது. செல்லின் எச்சரிக்கை நொதிகள் பி53இன் தலைப்பகுதியில் 15, 18, 20ஆம் இடங்களில் பாஸ்பேட் தொகுதிகளைச் சேர்க்கின்றன. குறிப்பாக 18ஆம் இடத்தில் சேர்வது எம்.டி.எம்.2இன் பிடியைத் தளர்த்துகிறது. அழிவு குறைய, பி53 குவிகிறது. நான்கு நான்காகச் சேர்ந்து டி.என்.ஏ.யைப் பற்றுகிறது. பி21 என்ற மரபணுவை எழுப்பிச் செல் பிரிவதை நிறுத்துகிறது. பழுது சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் மரபணுக்களை எழுப்புகிறது. அது எழுப்பும் மரபணுக்களில் எம்.டி.எம்.2இன் மரபணுவும் ஒன்று. தன்னை அடக்கும் கையைத் தானே உருவாக்குவதால்தான், ஆபத்து நீங்கியதும் பி53 அடங்குகிறது.

சூடு தாங்காத நடுப்பகுதி

டி.என்.ஏ.யைப் பற்றுவது பி53இன் நடுப்பகுதி. நியூயார்க்கில் நிகோலா பாவ்லெடிச் குழுவினர் 1994இல் அதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். மூன்று சிஸ்டைன், ஒரு ஹிஸ்டிடின் என நான்கு அமினோ அமிலங்கள் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்திருக்கின்றன. அதன் துணையோடு நிமிர்ந்து நிற்கும் வளையங்களே டி.என்.ஏ.யின் பள்ளங்களுக்குள் விரல் நீட்டுகின்றன.

ஆனால் இந்த அமைப்பு உறுதியானதல்ல. சுமார் 44 டிகிரியிலேயே அது உருகிவிடுகிறது. நம் உடல் வெப்பமோ 37. சோதனைக் குழாயில் தனியாக வைத்தால், 37 டிகிரியில் 9 நிமிடங்களுக்குள் பாதி உருக்குலைகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த பி63 இதைவிட நன்றாகவே சூடு தாங்கும். புற்றுநோய்களில் அது பிறழ்வதும் அரிது. எளிதில் உருக்கொள்வதும் எளிதில் குலைவதும் பி53ஐ வேகமாகக் கட்டுப்படுத்த உதவுகின்றன என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அந்த நெகிழ்வுக்கு நாம் கொடுக்கும் விலைதான் புற்று. இவ்வளவு மெல்லிய விளிம்பில் நிற்கும் புரதத்தைச் சாய்க்க ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும்.

புற்றுக்கட்டிகளில் அடிக்கடி தென்படும் பிறழ்வுகளை இரண்டாகப் பிரிக்கலாம். 248, 273ஆம் இடங்களில் உள்ள ஆர்ஜினின்கள் டி.என்.ஏ.யை நேரடியாகத் தொடுபவை. அவை மாறினால் உருவம் பெரும்பாலும் நிலைக்கிறது, பிடிதான் போய்விடுகிறது. 175ஆம் இடத்து ஆர்ஜினின் துத்தநாகத்தின் அருகே இருக்கிறது. அது மாறினால் உருவமே குலைகிறது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எதிர்பொருள்கள் உதவின. ஒன்று, சரியாக மடிந்த பி53ஐ மட்டும் பற்றும். மற்றொன்று பற்றும் இடம் புரதத்துக்குள் புதைந்து கிடப்பது. உருக்குலைந்து அது வெளியே தெரியும்போதுதான் எதிர்பொருள் ஒட்டும்.

நால்வர் கூட்டு

பி53 தனியாக வேலை செய்வதில்லை. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்தே டி.என்.ஏ.யைப் பற்றுகின்றன. பல்லக்குச் சுமக்கும் நால்வரில் ஒருவர் கால் இடறினாலும் பல்லக்கு சாய்வதுபோல, கூட்டில் பிறழ்ந்தவை கலந்தால் நல்லவையும் முடங்கிப்போகின்றன. நம்மிடம் உள்ள இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானாலே சிக்கல் தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

இந்தக் கூட்டின் உருவம் எவ்வளவு நுட்பமானது என்பதற்குத் தெற்கு பிரேசில் சாட்சி. அங்கே ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு, 337ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருக்கும் பி53 பரம்பரையாக வருகிறது. குழந்தைகளுக்கு அட்ரீனல் சுரப்பியில் வரும் அரிய புற்று அந்தப் பகுதியில் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். 337ஆம் இடம் நால்வர் கைகோக்கும் பகுதியில் இருக்கிறது. 2002இல் வெளியான ஆய்வு இதன் இயக்கத்தை விளக்கியது. சாதாரண அமில-காரச் சமநிலையில் கூட்டு நிற்கிறது. அந்தச் சமநிலை காரப் பக்கம் நகர்ந்தால் ஹிஸ்டிடின் தன் மின்னூட்டத்தை இழக்கிறது; கூட்டு தளர்கிறது.

நிமிர்த்த முடியுமா?

புற்றை அடக்கும் மரபணுக்கள் பலவற்றில் பழுது என்றால், புரதமே இல்லாமல் போவதுதான். பி53இல் பெரும்பாலும் அப்படியல்ல. ஓர் அமினோ அமிலம் மாறிய முழுப் புரதம், பல சமயம் அளவுக்கு அதிகமாகவே, புற்றுச் செல்லுக்குள் இருக்கிறது. இல்லாததை உருவாக்குவதைவிட, இருப்பதை நிமிர்த்துவது எட்டக்கூடிய இலக்கு.

கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட் குழுவினர் 220ஆம் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பெரிய டைரோசினுக்குப் பதில் சிறிய சிஸ்டைன் வந்தால், புரதத்தின் மேற்பரப்பில் ஒரு குழி விழுகிறது. டி.என்.ஏ.யைப் பற்றும் இடத்திலிருந்து குழி தள்ளியே இருக்கிறது. ஆனாலும் உடல் வெப்பத்தில் புரதம் நிலைகுலைகிறது. அந்தக் குழியில் அமர்ந்து புரதத்தை நிலைநிறுத்தும் ஒரு சிறு மூலக்கூறை 2008இல் அவர்கள் காட்டினார்கள். இதே உத்தியில் அமெரிக்காவில் உருவான ‘ரெசாடபாப்ட்’ என்ற மாத்திரை மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு, சில நோயாளிகளின் கட்டிகளைச் சுருக்கியிருக்கிறது. ஷாங்காயில் லூ மின் குழுவினர், ஒருவகை ரத்தப் புற்றுக்கு ஏற்கெனவே தரப்படும் ஆர்சனிக் டிரையாக்சைடு, உருக்குலைந்த பி53 பலவற்றை நிலைநிறுத்துவதைக் கண்டார்கள். அதன் ஆர்சனிக் அணு மூன்று சிஸ்டைன்களுக்கு நடுவே பொருந்திக்கொள்கிறது.

எல்லா முயற்சிகளும் கைகூடவில்லை. பிறழ்ந்த பி53ஐ மீட்கும் என்று நம்பப்பட்ட எப்ரினெடபாப்ட் என்ற மருந்து, 2020 இறுதியில் மூன்றாம் கட்டச் சோதனையில் இலக்கை எட்டவில்லை. ரெசாடபாப்ட்டும் 220ஆம் இடத்துக் குழி உள்ளவர்களுக்கு மட்டுமே. கட்டிப் புற்றுகளில் அது சுமார் ஒரு சதவீதம்தான். 175ஆம் இடத்துப் பிறழ்வுக்கு அந்தக் குழி கிடையாது. அதற்கு வேறு வழி தேட வேண்டும்.

பி53 பழுதா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லி நிறுத்தும் காலம் இதனால்தான் முடிந்துகொண்டிருக்கிறது. எந்த இடம் மாறியது, அந்த மாற்றம் பிடியைப் பறித்ததா, உருவத்தைக் குலைத்ததா, கூட்டைப் பிரித்ததா என்பதுதான் இனி மருந்தைத் தீர்மானிக்கும். நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே புரதத்தின் மடிப்புகளைப் பொறுமையாக அளந்தவர்களின் உழைப்பு, இன்று ஒரு சில நோயாளிகளுக்கேனும் சிகிச்சையாகியிருக்கிறது. மற்றவர்களுக்கும் அது சென்றுசேர, அடிப்படை ஆய்வுக்குச் செலவிடும் பணத்தையும் பொறுமையையும் குறைக்காமல் இருக்க வேண்டும்.