ஓட்டிசம்: பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில்தான்

வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையின் பல ஊர்களிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு வர ஒரு காலத்தில் வள்ளமும் படகுப் பாதையும்தான் துணை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் வழி சுருங்கியது. ஆனாலும் ஓட்டிசம் உள்ள பிள்ளையை அரைமணி நேரப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிவரும் தாய்க்கு ஒரு பகல் போய்விடுகிறது; கூலி வேலை செய்பவர் என்றால் அன்றைய சம்பளமும் சேர்ந்து போகும். தமிழில் பேச்சுப் பயிற்சி தரக்கூடியவர்கள் இலங்கையிலேயே குறைவு. எப்போதாவது கிடைக்கும் அந்த அரைமணி நேரம் போதாது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளை யாரோடு இருக்கிறதோ, அவர்தான் அதன் முதல் பயிற்சியாளர்.

எப்போது கவனிக்க வேண்டும்?

ஓட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. வளர்ப்பின் குறையால் வருவதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது இருந்தது.

ஒரு வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, இரண்டு வயதிலும் "அம்மா வா" என இரு சொல் சேர்த்துப் பேசாமை, வந்த சொற்கள் மறைந்துபோதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்குப் போகும்போதே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்ற சோதனையும் அவசியம்.

நாவூறு கழிப்பதும் நூல் கட்டுவதும் மனதுக்கு ஆறுதல் தரலாம். அதற்காகக் கிளினிக் நாளைத் தள்ளிப்போட்டால் நட்டம் பிள்ளைக்கு. தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்பதும் பொய். அந்தக் கதையைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது.

வீட்டுப் பயிற்சி பலன் தருமா?

தரும். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் இலங்கையில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக ஓட்டிசம் கண்டறியப்பட்ட 62 சிறுபிள்ளைகளுக்குத் தாய்மாரே வீட்டில் பயிற்சி கொடுத்தார்கள். பழகுவதிலும் தொடர்பாடலிலும் பார்த்துச் செய்வதிலும் முதல் 3 மாதத்திலேயே தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆண்டு கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்த இதேபோன்ற ஆய்வின் முடிவும் சாதகமாக வெளியானது. அங்கே பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் நிபுணர்கள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள்.

சாப்பாட்டு நேரமே பயிற்சி நேரம்

காலையில் புட்டும் வாழைப்பழமும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். பிள்ளையின் முகத்துக்கு நேரே, அதே உயரத்தில், பாயில் இருந்துகொண்டு பழத்தில் ஒரு துண்டை மட்டும் கொடுங்கள். அடுத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிள்ளை கையைப் பிடித்து இழுக்கலாம், கண்ணைப் பார்க்கலாம், ஒரு சத்தம் போடலாம். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. "பழம்!" என்று ஒரே சொல் சொல்லி உடனே கொடுங்கள். "சொல்லு மனே, சொல்லு" என்று நெருக்க வேண்டாம்.

சைக்கிள் சில்லைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பறிக்காதீர்கள்; பக்கத்தில் இருந்து நீங்களும் ஒருமுறை சுழற்றி, அடுத்த முறைக்குப் பிள்ளையை விடுங்கள். பல் துலக்குவது முதல் பள்ளிக்கூடம் போவது வரை படமாக ஒட்டிவைத்தால், அடுத்து என்ன என்ற பதற்றம் குறையும். கோயில் சடங்கில் பறையும் வெடியும் கேட்டுக் காதைப் பொத்தினால் அது அடமல்ல. சனம் குறைந்த நேரத்தில் கூட்டிப்போங்கள்.

தண்ணீர் கவனம்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வெளியே இறங்கிவிடுவார்கள். பலருக்குத் தண்ணீர் மீது தீராத ஆசை. நீரில் மூழ்கும் ஆபத்து இவர்களுக்கு அதிகம். வாவியும் குளமும் அருகிலிருக்கும் வீடுகளில் படலைக்குப் பூட்டும் கிணற்றுக்கு மூடியும் வேண்டும். பிள்ளையைத் தனியே கண்டால் மறித்துத் தகவல் தரும்படி அயலவரிடம் சொல்லிவையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடுங்கள்.

பராமரிப்பவருக்கும் ஆதரவு

தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தால் பயிற்சி அம்மம்மாவுக்குத் தேவை. கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போங்கள். "வளர்க்கத் தெரியாதவள்" என்ற பேச்சைத் தகப்பன்தான் முதலில் நிறுத்த வேண்டும். நாளுக்கு ஒரு மணி நேரமாவது பிள்ளையைப் பொறுப்பேற்றால் தாய்க்கு மூச்சுவிட முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் உண்டு. பராமரிப்பவரின் மனநலமும் அதில் ஒரு பாடம். நித்திரையில்லாமை, ஓயாத அழுகை, எதிலும் விருப்பமின்மை இருந்தால் மனநலக் கிளினிக்கில் உங்களுக்கும் உதவி கேளுங்கள்.

ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை. தூக்கமின்மை, கடும் ஆத்திரம் போன்றவற்றுக்கு வைத்தியர் மருந்து தரலாம். ஒவ்வொரு முறை வைத்தியசாலைக்குப் போகும்போதும் மருந்துத் துண்டோடு திரும்பிவிடாமல், "அடுத்தமுறை வரும்வரை வீட்டில் நாங்கள் என்ன செய்யவேணும்?" என்று கேளுங்கள். செய்துகாட்டச் சொல்லுங்கள், அவர்கள் முன்னாலேயே நீங்களும் ஒருமுறை செய்துபாருங்கள்.