எடை, மூச்சு, நிற்கும் தெம்பு: காசநோயில் ஆராய்ச்சி நோயாளியிடம் வந்து சேர்ந்த கதை

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒருவருக்குக் காசநோய் என்று உறுதியானதும், மாத்திரை கொடுப்பதோடு சேர்த்துச் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும் என்று 2022 முதல் ஒரு நடைமுறை இருக்கிறது. உயரம், எடை. காலில் வீக்கம் உண்டா? நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு வாங்குகிறார்? விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் என்ன காட்டுகிறது? யாரும் தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? அவ்வளவுதான். ரத்தம் எடுக்க வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்து ஊழியர் ஒருவரே சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

இந்த அளவுகளுக்கு எல்லைக்கோடுகள் உண்டு. உடல் நிறை குறியெண், அதாவது பி.எம்.ஐ., 14 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆபத்து. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 35 கிலோதான் இருக்கிறார் என்றால் அவருடைய பி.எம்.ஐ. 13.7. இரண்டு காலும் வீங்கியிருந்தால் 16 வரை இருந்தாலும் ஆபத்துதான். மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலும், ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலும், தாங்கல் இல்லாமல் நிற்க முடியாமல் போனாலும் அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே, பெரிய மருத்துவமனையில் முழுமையாகப் பரிசோதித்து, தேவைப்பட்டால் வார்டில் சேர்க்க வேண்டும்.

‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்று இதற்குப் பெயர். தமிழ்நாடு அரசும், சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து 30 மாவட்டங்களில் தொடங்கினார்கள். பார்ப்பதற்கு மிக எளிய ஏற்பாடு. ஆனால் ஆராய்ச்சி எப்படி அன்றாட மருத்துவமாக மாறுகிறது, எங்கே தவறிப்போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் நம் ஊரில் இல்லை. இதன் வேர் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்னால், இதே சென்னையில் இருக்கிறது.

காசநோய்க்கு முதல் உருப்படியான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அது உண்மையில் வேலை செய்கிறதா என்பதை 1948-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று நிறுவியது. 107 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு மட்டும் என்பதை மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மூடி ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். மருத்துவரின் மனச்சாய்வு உள்ளே நுழையாதபடி குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஒப்பிடும் வழக்கத்துக்கு அந்த ஆய்வே முன்மாதிரியானது.

மருந்து வந்தபிறகும் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்க்க வேண்டும் என்பது அன்றைய மருத்துவ வேதம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்ட இடம்தான். அந்தப் பெயர் இன்றும் புறநகர் ரயில் நிலையத்தில் நிற்கிறது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். சானடோரியம்தான் வழி என்றால் பெரும்பாலானோருக்கு வழியே இல்லை என்றுதான் பொருள்.

1956-இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் உருவானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி கூர்மையானது: ஒரே மருந்தை வீட்டில் இருந்தபடி சாப்பிட்டால், சானடோரியத்தில் குணமாவதைப் போலவே குணமாகுமா?

சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் ஐசோநயாசிட், பாஸ் என்ற இரு மருந்துகள், ஓராண்டு. ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு தன் வீட்டிலேயே. குலுக்கல் இல்லாமல் மருத்துவர்கள் கையில் விட்டிருந்தால், மிகவும் நலிந்தவர்களை இரக்கப்பட்டுச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள், ஒப்பீடே கெட்டிருக்கும். வீட்டில் இருந்தவர்கள் மாத்திரை சாப்பிட்டார்களா என்று நம்பிவிட்டுவிடவும் இல்லை. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள்.

முடிவு 1959-இல் வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதத்தினருக்கு. நெருக்கடியான வீடு, குறைவான சாப்பாடு, போதாத ஓய்வு இத்தனையும் இருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். வீட்டில் இருப்பவர்களுக்கு நோய் தொற்றிவிடாதா என்ற அச்சத்துக்கும் பதில் கிடைத்தது. தொடர்ந்து கவனித்துப் பார்த்ததில், வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது.

சென்னையில் கிடைத்த இந்த விடை உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையைப் புரட்டிப்போட்டது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்தியா 1962-இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டமும் வீட்டிலிருந்தே சிகிச்சை என்ற அடித்தளத்தில்தான் எழுந்தது. தமிழ் மண்ணில் நடந்த ஓர் ஆய்வு இவ்வளவு பேருக்குப் பயன்பட்டிருப்பதை நம் பள்ளிப் பாடங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் எந்த ஆய்வும் தான் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். சென்னை ஆய்வு கேட்டது, மருந்து ஒழுங்காகச் சேரும்போது வீடு போதுமா என்பதை. ‘போதும்’ என்பது பதில். காலப்போக்கில் அந்தப் பதிலிலிருந்து, ஆய்வு சொல்லாத இரண்டு விஷயங்களை நடைமுறை தானாக எடுத்துக்கொண்டது. ஒன்று, காசநோயாளி யாரையும் வார்டில் சேர்க்கத் தேவையில்லை. இரண்டு, மருந்து இருந்தால் சாப்பாடு பெரிய விஷயமில்லை. இரண்டும் தவறு. இரண்டுக்கும் உயிர்களை விலையாகக் கொடுத்திருக்கிறோம்.

இந்தியாவில் இப்போதும் ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் காசநோயால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மாத்திரை இலவசம், நோய் குணமாகக்கூடியது, இருந்தும் இத்தனை மரணம். சிகிச்சை தொடங்கியபின் நேரும் மரணங்களில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. எலும்பும் தோலுமாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவருக்கும், இருமலோடு சைக்கிளில் வந்தவருக்கும் ஒரே மாத்திரை அட்டையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் முதலாமவர் பிழைப்பது கடினம். அவருக்கு ஆக்சிஜன் வேண்டியிருக்கலாம், பார்த்துப் பார்த்து ஊட்டும் உணவு வேண்டும், வேறு தொற்றோ சர்க்கரை நோயோ இருந்தால் அதற்கும் சிகிச்சை வேண்டும். சென்னை ஆய்வின் 193 பேரைக் காட்டி இவரை வீட்டுக்கு அனுப்புவது, சான்றைப் பின்பற்றுவது ஆகாது.

சாப்பாட்டு விஷயத்தில் தெளிவான விடை 2023-இல் வந்தது. மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் தலைமையேற்று ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு லான்செட் இதழில் வெளியானது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் உடன் வசிக்கும் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்குமே மாதம் 10 கிலோ உணவுப்பொருள் கிடைத்தது: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். பட்டினி கிடக்கும் நோயாளிக்கு ஒப்பீட்டுக்காக உணவை மறுப்பது அறமல்ல என்பதால் அப்படி. குலுக்கலில் வந்த ஒரு பாதிக் குடும்பங்களுக்கு மட்டும், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்கள் இறக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்ததும் இதே ஆய்வில் தெரியவந்தது.

அரிசியும் பருப்பும் தடுப்பூசிக்கு நிகராக ஒரு நோயைத் தடுத்திருக்கின்றன. இதைப் படித்துவிட்டு ஒரு மருத்துவர் எடை மெஷினைத் தூசி படிய விட்டிருந்தால் அவர் படித்தது வீண்.

அரசு ஓரளவு அசைந்தது. காசநோயாளிகளுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆனது. நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப் பெட்டகம் தரலாம் என்ற அறிவிப்பும் வந்தது. ஆய்வுக்கும் ஆணைக்கும் நடுவே ஓராண்டு சொச்சம். இந்தத் துறையின் வேகத்துக்கு இது விரைவுதான். ஆணைக்கும் அடுப்புக்கும் நடுவில் உள்ள தூரம் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

முந்தைய சான்றைப் புதிய சான்று திருத்துவதும் இந்தத் துறையில் நடந்திருக்கிறது. வாரம் சில நாள் மட்டும், ஊழியர் கண்முன்னே மாத்திரை விழுங்கவைத்தால் போதும் என்று 1960-களில் காட்டியதில் சென்னை மையத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து தேசியத் திட்டம் வாரம் மூன்று நாள் முறையைப் பின்பற்றியது. பிறகு, தினமும் சாப்பிடுவதே மேல் என்று சான்றுகள் சேர்ந்தன. எச்.ஐ.வி. உள்ள காசநோயாளிகளிடம் இதே சென்னை நிறுவனம் நடத்திய ஆய்வும் தினசரி முறைக்கே சாதகமாக வந்தது. 2017-இல், உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, இந்தியா தினசரி முறைக்கு மாறியது. தன் பழைய முடிவையே மறுபடி சோதித்துப் பார்த்த ஒரு நிறுவனத்தின் நேர்மையை மதிக்க வேண்டும். சேத்துப்பட்டில், இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அது இயங்குகிறது.

மறுபடி அந்த எளிய பரிசோதனைக்கு வருவோம். யாரை வார்டில் சேர்க்க வேண்டும் என்பதற்குத் தேசிய வழிகாட்டுதல் 2021-லேயே இருந்தது. அதில் இருந்த பட்டியல் நீளமானது, லேப் பரிசோதனைகளும் அடக்கம். ஓ.பி.யில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அந்தப் பட்டியல் மேசை டிராயரிலேயே தங்கிவிடும். தமிழ்நாட்டுக் குழு செய்த முக்கியமான வேலை, அதைக் கையால் அளக்கக்கூடிய சில அளவுகளாகச் சுருக்கியதுதான். ஒரு காகிதச் சீட்டில் அச்சிட்டு, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, எந்த மருத்துவமனையில் இவர்களுக்குப் படுக்கை என்பதை முன்கூட்டியே குறித்துவைத்தார்கள். ஆபத்தில் இருப்பவர்களின் விவரம் இணையச் செயலி ஒன்றில் பதிவாகிறது.

பிறகு, நடக்கிறதா என்று எண்ணிப் பார்த்தார்கள். 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை பதிவான 14,961 நோயாளிகளில் 11,599 பேருக்கு, அதாவது 78 சதவீதத்தினருக்கு, இந்தப் பரிசோதனை நடந்திருந்தது. அவர்களில் 13 சதவீதத்தினர் ஆபத்துப் பட்டியலில் வந்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர்தான் பெரிய மருத்துவமனையின் முழுப் பரிசோதனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நோய் மிகக் கடுமை என்று அங்கே உறுதியானவர்களில் 92 சதவீதத்தினர் வார்டில் சேர்க்கப்பட்டார்கள். நோய் தெரிந்த நாளுக்கும் இந்தப் பரிசோதனைக்கும் இடையே பெரும்பாலும் ஒரு நாள்தான். தொடக்க கால இறப்புகள் பல மாவட்டங்களில் குறைந்ததாகப் பின்னர் வந்த அறிக்கைகள் காட்டின.

புதிய மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது. விடுபட்ட 22 சதவீதத்தையும், வழியில் தவறிய நான்கில் ஒருவரையும் மறைக்காமல் வெளியிட்டதால்தான் எங்கே ஓட்டை என்று தெரிகிறது. வண்டிச் செலவுக்குப் பணமில்லையா, கூட வர ஆள் இல்லையா, கூலி போய்விடும் என்ற பயமா என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்டுச் சரிசெய்வதுதான் மிச்ச வேலை. தனியார் மருத்துவமனைகளிலும் இந்தப் பரிசோதனை கட்டாயம் ஆக வேண்டும். காசநோயாளிகளில் கணிசமானோர் அங்கேதான் முதலில் போகிறார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது காசநோய் என்று சொல்லப்பட்டால், எடையும் உயரமும் பார்த்தார்களா, மூச்சை எண்ணினார்களா, ஆக்சிஜன் அளவு எடுத்தார்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. மாதம் 1,000 ரூபாய் உதவி வங்கிக் கணக்கில் வருகிறதா என்று கவனியுங்கள். உடன் வசிக்கும் எல்லாரும், குறிப்பாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிகிச்சை முடிந்து ஆள் தேறும்வரை அந்த வீட்டுக்கு அரிசியோ பருப்போ வாங்கிக் கொடுக்க முடிந்தவர்கள் தயவுசெய்து கொடுங்கள்.