இரசத்தின் வடிவமும் மினமாட்டாவின் வழக்கும்

உயிருடலில் ஒரு மூலகம் எவ்வளவு உள்ளது என அளப்பது ஒன்று. அது எந்த வடிவில் உள்ளது எனக் கண்டறிவது வேறொன்று. இரசாயனவியலாளரின் உள்விவகாரமாகத் தோன்றும் இவ்வேறுபாடே, யப்பானின் மினமாட்டா நகரிலே கடற்றொழிலாளருக்கும் ஒரு பெருங் கம்பனிக்கும் இடையே எழுந்த பிணக்கின் மையமாக அமைந்தது. இலக்கிய மாணவராகிய நாம் ஆய்வுகூடத்தினுள் எட்டிப் பார்க்கத் துணிந்தமைக்கு இதுவே காரணம்.

சிசோ கம்பனி அங்கு 1932 முதல் 1968 வரை அசற்றல்டிகைட்டை உற்பத்தி செய்தது. அசேதன இரசச் சேர்வையொன்றே அதற்கு ஊக்கி. கழிவுநீர் கடலிற் சேர்ந்தது. கைகால் விறைத்து, பார்வை குறுகி, பேச்சுக் குழறிய நோயாளர் பற்றி 1956 மே மாதத்தில் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர் முதலில் மங்கனீசு, செலேனியம், தாலியம் ஆகியவற்றை ஐயுற்றனர். அக்கடலில் இவை யாவும் இருந்தன. ஒரு மூலகம் காணப்படுவதனால் மட்டும் அதுவே நோய்க்குக் காரணமென்று ஆகிவிடாது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

சேதன இரசமே காரணம் என 1959 யூலையில் அவர்கள் அறிவித்தனர். இம்முடிவுக்கு வழிகாட்டியது கருவி மாத்திரமன்று. விதைகளுக்கு இடும் பூஞ்சைக்கொல்லியைத் தயாரித்த ஆங்கிலத் தொழிலாளர் சிலர் மெதயில் இரசத்தால் நஞ்சூட்டப்பட்டமை பற்றி 1940 இல் வெளிவந்த மருத்துவ விவரணமும் உதவிற்று. ஒரு நாட்டுத் தொழிலாளரின் உடல், மற்றொரு நாட்டுக் கடற்றொழிலாளரின் நோயை விளக்கிற்று.

அக்காலத்தில் இரசத்தை அளக்கப் பயன்பட்டது டைதைசோன் முறை. இழையத்தை அமிலத்தில் முற்றாகச் சிதைத்து, எஞ்சும் இரசத்தை டைதைசோனுடன் சேர்த்து, தோன்றும் நிறத்தின் செறிவிலிருந்து அளவைக் கணிப்பர். ஆனால் அமிலம் இழையத்தை மட்டுமன்றி மூலகத்தின் வடிவத்தையும் அழித்துவிடும். கிடைப்பது மொத்த இரசத்தின் தொகையே. கம்பனியின் வாதம் இவ்விடைவெளியிலேதான் நின்றது: “நாம் பயன்படுத்துவது அசேதன இரசம், நீங்கள் கூறுவதோ சேதன இரசம்.” அதே 1959 இல் கம்பனி மருத்துவமனையின் வைத்தியர் ஹொசொகாவா, ஆலைக் கழிவுநீரை உணவுடன் ஊட்டிய பூனைக்கு நோய் கண்டது. அம்முடிவு மறைக்கப்பட்டது, 1970 இலேயே அவர் அதற்குச் சாட்சியமளித்தார்.

இடைவெளியை நிரப்பியவர் இருக்கயாமா. ஆலையின் சேற்றிலிருந்தே மெதயில் இரசத்தை அவர் பிரித்தெடுத்த செய்தி 1963 இல் வெளியாயிற்று. உற்பத்தியின்போதே அசேதன வடிவம் சேதன வடிவமாகிறது என்பது தெளிவாயிற்று. 1966 இல் சுவீடனில் வெஸ்டூ, வாயு நிறப்பகுப்பு முறையால் மீனிலுள்ள மெதயில் இரசத்தைத் தனியே அளந்து காட்டினார். இன்றோ வடிவங்களைப் பிரிக்கும் கருவியுடன் திணிவு நிறமாலைமானியை இணைத்து மிக நுண்ணிய அளவுகளையும் அறிகின்றனர். யப்பானிய அரசாங்கம் காரணத்தை ஏற்றுக்கொண்டது 1968 செப்டெம்பரில், அதாவது அவ்வாலை அசற்றல்டிகைட்டு உற்பத்தியை நிறுத்திய பின்னர்.

தலைமயிர் பற்றியும் கூறவேண்டும். அது மாதத்திற்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வளர்வது. வளரும்போது குருதியிலுள்ள மெதயில் இரசத்தை ஏற்றுக்கொள்வது. எனவே ஓரிழையைத் துண்டு துண்டாக ஆராய்ந்தால் கடந்த மாதங்களின் வரலாற்றைப் படிக்கலாம். 1960 இன் பின் சிரனுயி கடலோர மக்களின் மயிரை மாகாண ஆய்வுகூடம் சோதித்தது. கொஷொனூரா தீவின் பெண்ணொருவரிடம் பத்து இலட்சத்தில் 920 பங்கு இரசம் காணப்பட்டது. ஆயினும் ஆய்வு மூன்று ஆண்டுகளுடன் கைவிடப்பட்டது. குறைபாடு கருவியில் இருக்கவில்லை.

பிறவியிலேயே நோயுற்ற குழந்தைகளின் நிலை இன்னும் சிக்கலானது. நச்சுப் பொருள் நஞ்சுக்கொடியைக் கடவாது என்றே மருத்துவம் அதுவரை நம்பியது. அவர்கள் கருவிலிருந்த காலத்து மாதிரி எதனையும் ஆய்வுகூடங்கள் சேமித்திருக்கவில்லை. ஆனால் தாய்மார் சேமித்திருந்தனர். பிள்ளையின் உலர்ந்த தொப்புட்கொடியைச் சிறு மரப்பெட்டியிலிட்டுப் பேணுவது யப்பானிய வழக்கம். மருத்துவர் ஹரடா வீடுவீடாகச் சென்று அவற்றைச் சேகரித்தார். 1975 இல் அவரும் நிஷிகாக்கியும் வெளியிட்ட ஆய்வில், கொடிகளிலிருந்த மெதயில் இரசத்தின் அளவு ஆலையின் அசற்றல்டிகைட்டு உற்பத்தியோடு சேர்ந்தே ஏறியிறங்கியமை தெரியவந்தது. கம்பனியின் உற்பத்திக் கணக்கு, பிள்ளைகளின் தொப்புட்கொடியில் ஆண்டு வாரியாகப் பதிந்திருந்தது.