உரிய சர்வரை விட்டு வேறொன்றை நாடும் கணிப்பொறிகள்: காரணமும் பரிகாரமும்

அலுவலகங்களிலும் பள்ளிகளின் கணிப்பொறிக் கூடங்களிலும் உள்ள கணிப்பொறிகள் பல, ஒரு நிர்வாக சர்வரின் மேற்பார்வையில் இயங்குகின்றன. 'அப்டேட்' எனப்படும் திருத்தங்களில் எவற்றை எப்பொழுது ஏற்பது, தன் நிலையை எங்கு அறிவிப்பது என்பவற்றை அந்த சர்வரைக் கொண்டே கணிப்பொறி அறிகிறது. இவ்வாறு மேற்பார்வைக்கு உட்பட்ட கணிப்பொறி 'கிளையன்ட்' எனப்படும். சில வேளைகளில் கிளையன்ட், தனக்குரிய சர்வரை விட்டு, வேறொரு கிளையின் சர்வரையோ, முன்னரே அகற்றப்பட்ட சர்வரையோ நாடுகிறது. இக்குறையை எவ்வரிசையில் ஆராய்ந்து களைய வேண்டும் என்பது இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

குறையின் தன்மை

இக்குறை ஓசையின்றி நிகழ்வது. கணிப்பொறி வழக்கம்போல் இயங்கும், கடிதங்கள் தயாராகும், பாடங்கள் நடைபெறும். திருத்தங்கள் மட்டும் வந்து சேரா. பயனாளர் தாமே அப்டேட் பக்கத்தைத் திறந்து சோதித்தாலன்றிப் பிழை எதுவும் கண்ணில் படுவதில்லை. உரிய சர்வரின் பட்டியலிலும் அக்கணிப்பொறி இடம்பெறாமையால், அது திருத்தம் பெறவில்லை என்பதை நிர்வாகியும் அறியார்.

இதன் விளைவு அற்பமானதன்று. விண்டோஸில் இருந்த ஒரு குறைபாட்டுக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017 மார்ச் 14ஆம் நாள் திருத்தம் வெளியிட்டது. அதே குறைபாட்டைப் பயன்படுத்தி 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் அவ்வாண்டு மே 12ஆம் நாள் உலகெங்கும் பரவிற்று. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பின் நிர்வாகப் பிரிவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதனால் இடையூறு அடைந்தது. திருத்தம் வெளியாகி ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கடந்திருந்தும், அதைப் பெறாத கணிப்பொறிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன. திருத்தம் வெளிவருவது வேறு. அது ஒவ்வொரு கணிப்பொறியையும் சென்றடைவது வேறு.

கிளையன்ட் சர்வரை அறியும் விதம்

இங்கு உதாரணமாக, மைக்ரோசாப்டின் 'விண்டோஸ் சர்வர் அப்டேட் சர்வீசஸ்' என்னும் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். 2005இல் வெளிவந்த இவ்வமைப்பில் புதிய வசதிகள் இனிச் சேர்க்கப்படமாட்டா என 2024இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் பல நிறுவனங்களில் இது தொடர்ந்து பயன்படுகிறது.

கிளையன்ட் தானாக எந்த சர்வரையும் தேர்ந்தெடுப்பதில்லை. விண்டோஸின் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ள விலாசத்துக்கே அது செல்கிறது. ஆகவே, கிளையன்ட் வழி தவறிற்று என்பதைக் காட்டிலும், அதற்குத் தவறான விலாசம் தரப்பட்டது என்பதே பொருத்தமாகும். அவ்விலாசம் யாது, அதை எழுதியது எது என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்பதே பரிசோதனையின் சாரம்.

முதற்படி: பதிவேட்டைப் படித்தல்

எதையும் மாற்றுமுன் பதிவேட்டைப் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க் கணிப்பொறிக்குரிய பகுதியில், சாப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாப்ட், விண்டோஸ், விண்டோஸ் அப்டேட் என்ற வரிசையில் சென்றால் 'டபிள்யு.யு. சர்வர்', 'டபிள்யு.யு. ஸ்டேட்டஸ் சர்வர்' என இரு பதிவுகள் காணப்படும். முன்னது திருத்தம் பெறுமிடம். பின்னது நிலையை அறிவிக்குமிடம். இரண்டிலும் ஒரே விலாசம் இருத்தல் வேண்டும்.

இதன் உட்பிரிவில் 'யூஸ் டபிள்யு.யு. சர்வர்' என்ற பதிவின் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். அது 0 ஆகவோ இல்லாமலோ இருப்பின், மேற்கூறிய விலாசம் சரியாக இருந்தும் பயனில்லை. கிளையன்ட் அதைப் பொருட்படுத்தாது.

விலாசத்தின் இறுதியில் உள்ள துறை எண்ணையும் நோக்குதல் அவசியம். விண்டோஸ் சர்வர் 2012 முதல் இவ்வமைப்பின் இயல்பான துறை எண் 8530. பாதுகாப்பான இணைப்புக்கு 8531. பழைய பதிப்புகளில் 80 என்ற எண் வழக்கில் இருந்தது. சர்வரைப் புதுப்பித்தபின் பெயரை மட்டும் மாற்றி எண்ணை மாற்றாது விடுவது சாதாரணமாக நேரும் தவறு.

இரண்டாம் படி: எழுதியது எது?

விலாசம் தவறாயின், அதைக் கையால் திருத்திவிடுவது போதாது. பெரும்பாலும் 'குரூப் பாலிசி' என்னும் பொதுக் கட்டளைத் தொகுப்பே அதை எழுதியிருக்கும். அது மறுபடி அமலாகும்போது பழைய விலாசம் மீண்டும் வந்து சேரும். 'ஜி.பி. ரிசல்ட்' என்னும் கட்டளை, எந்தத் தொகுப்பு அமலாயிற்று என்பதைக் காட்டும். அதை நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டும். இல்லாவிடில் கணிப்பொறிக்குரிய பகுதி புலப்படாது.

தொகுப்புகள் முதலில் கணிப்பொறியளவிலும், பின்பு இடம், டொமைன், உட்பிரிவு என்ற வரிசையிலும் அமலாகின்றன. விசேஷ ஏற்பாடு இல்லாதபோது, பின் வருவதே முன் வந்ததை வெல்லும். 'இடம்' என்பது கணிப்பொறியின் வலையமைப்பு எண்ணைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. எனவே ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கணிப்பொறி, அங்குள்ள எண் வரிசை தவறான இடத்தின்கீழ்ப் பதியப்பட்டிருப்பின், தவறான சர்வரையே நாடும். இங்குக் குற்றம் கணிப்பொறியிலன்று, இடப்பட்டியலில் உள்ளது.

பள்ளிகளுக்கு நன்கொடையாக வரும் கணிப்பொறிகள் தனிக் கவனத்துக்குரியவை. பழைய அலுவலகத்தின் டொமைனிலிருந்து நீக்கப்பட்ட பின்னும் சர்வர் விலாசம் பதிவேட்டில் தங்கிவிடுவதுண்டு. அக்கணிப்பொறி தன்னால் அணுகவே இயலாத சர்வரை ஓயாது தேடிக்கொண்டிருக்கும். விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே இதற்குச் சிறந்த பரிகாரம்.

மூன்றாம் படி: பெயர் சுட்டும் எண்

விலாசம் சரியாக இருந்தும் கிளையன்ட் வேறிடம் செல்லுமாயின், பெயருக்குரிய எண்ணை ஆராய வேண்டும். 'என்.எஸ். லுக்அப்' கட்டளை, பெயர்களுக்கு எண் வழங்கும் டி.என்.எஸ். சர்வரை நேரே வினவும். 'பிங்' கட்டளையோ, கணிப்பொறியில் உள்ள 'ஹோஸ்ட்ஸ்' கோப்பையும் நினைவில் தங்கிய பழைய விடைகளையும் பயன்படுத்தும். இரண்டும் வெவ்வேறு எண்களைத் தருமாயின், பிழை அக்கணிப்பொறியினுள்ளேயே இருப்பதாகப் பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டும் ஒரே தவறான எண்ணைத் தருமாயின், டி.என்.எஸ். சர்வரின் பதிவைத் திருத்த வேண்டும்.

மயக்கம் தரும் மற்றொரு நிலை

ஒரு கணிப்பொறியின் வட்டை அப்படியே நகலெடுத்துப் பல கணிப்பொறிகளை அமைக்கும்போது, அப்டேட் அமைப்பு வழங்கும் அடையாள எண்ணும் நகலாகிவிடக்கூடும். அப்பொழுது இருபது கணிப்பொறிகள் இருக்குமிடத்தில் சர்வரின் பட்டியலில் ஒன்றே தோன்றும். அதன் பெயரும் அடிக்கடி மாறும். மற்றவை வேறு சர்வருக்குச் சென்றுவிட்டன என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் அவை உரிய சர்வரையே நாடுகின்றன. நகல்களில் அடையாள எண்ணை நீக்கி, அப்டேட் சேவையை மறுபடி தொடங்கினால் ஒவ்வொன்றும் புதிய எண் பெறும்.

திருத்தியபின் செய்ய வேண்டுவன

குரூப் பாலிசி இயல்பாக 90 நிமிஷங்களுக்கு ஒரு முறை, அதனுடன் 30 நிமிஷம் வரை தாமதம் சேர்ந்து, புதுப்பிக்கப்படும். கிளையன்ட் சர்வரை வினவுவது ஏறத்தாழ 22 மணி நேரத்துக்கு ஒரு முறையாகும். ஆகவே மாறுதல் உடனே தென்படாமை கண்டு மீண்டும் மீண்டும் மாற்றுதல் கூடாது. அவ்வாறு செய்யின் எம்மாறுதலால் பயன் விளைந்தது என்பது விளங்காமற்போகும். ஒரு கணிப்பொறியில் ஒரு மாறுதலைச் செய்து, அடுத்த நாள் சர்வரின் பட்டியலில் அது தோன்றுகிறதா எனப் பார்த்தபின்னரே பிறவற்றில் கைவைத்தல் நலம்.

இக்குறை நேராது காப்பதற்கு இரண்டு பழக்கங்கள் உதவும். ஒரு சர்வரை அகற்றுமுன், அதை நாடும் கிளையன்ட்டுகள் யாவும் புதிய சர்வரின் பட்டியலில் வந்துவிட்டனவா என உறுதி செய்துகொள்ளல் ஒன்று. கூடத்தில் உள்ள கணிப்பொறிகளை எண்ணி, அத்தொகையைச் சர்வர் காட்டும் தொகையுடன் மாதந்தோறும் ஒப்பிடுதல் மற்றொன்று. விடுபட்ட கணிப்பொறியைச் சர்வர் தானே அறிவிக்காது. அதனைக் கண்டறிபவர், கூடத்தில் நின்று எண்ணிப் பார்க்கும் ஆசிரியரோ களப் பணியாளரோதான்.