முகத்தலளவைப் பெயர்களும் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவைகளை நான்காகப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. இவற்றுள் மொழிபெயர்ப்பாளருக்கு மிகுந்த இடர்ப்பாட்டைத் தருவது முகத்தலளவையே எனலாம். நீட்டலளவையில் அங்குலம் என்பது 1959ஆம் ஆண்டு உடன்பாட்டிற்குப் பின் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 25.4 மில்லிமீட்டராக ஒன்றுபட்டுவிட்டது. எடுத்தலளவையில் பவுண்டும் அவ்வாறே. ஆனால் கேலன், பைண்ட், திரவ அவுன்ஸ் ஆகிய முகத்தலளவைப் பெயர்கள் இன்றும் அவ்விரு நாடுகளிலும் வெவ்வேறு கொள்ளளவையே சுட்டுகின்றன. பெயர் ஒன்று, பொருள் இரண்டு.

ஆங்கில மூலத்திலுள்ள இத்தகைய அளவுகளை மெட்ரிக் முறைக்கு மாற்றித் தமிழில் தரும்போது எழும் சிக்கல்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இம்மாற்றம் வெறும் பெருக்கற்கணக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், எதைக்கொண்டு பெருக்குவது என்பதை முடிவு செய்வது கணக்கன்று. சொற்பொருளை அறிதல் பற்றியது என்பது இங்கு வலியுறுத்தப்படுகிறது.

1. ஒரு பெயர், இரு கொள்ளளவு

இரு முறைகளிலும் வழங்கும் அளவுகள் வருமாறு:

இம்பீரியல் கேலன் = 4.54609 லிட்டர்
அமெரிக்கத் திரவக் கேலன் = 3.785 லிட்டர்
இம்பீரியல் பைண்ட் = 568.26 மி.லி.
அமெரிக்கத் திரவப் பைண்ட் = 473.18 மி.லி.
இம்பீரியல் திரவ அவுன்ஸ் = 28.41 மி.லி.
அமெரிக்கத் திரவ அவுன்ஸ் = 29.57 மி.லி.

இப்பட்டியலில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இம்பீரியல் கேலன் அமெரிக்கக் கேலனைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு பெரியது. இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடன்று. இரண்டாவது, கேலனும் பைண்டும் இம்பீரியல் முறையில் பெரியனவாயிருக்க, திரவ அவுன்ஸ் மட்டும் அமெரிக்க முறையில் பெரியதாக உள்ளது. இம்பீரியல் பைண்ட் 20 அவுன்சுகளாகவும் அமெரிக்கப் பைண்ட் 16 அவுன்சுகளாகவும் பகுக்கப்படுவதே இதற்குக் காரணம். எனவே 'பிரிட்டிஷ் அளவு எப்போதும் பெரியது' என்னும் பொதுவிதி இங்குப் பொருந்தாது.

பீப்பாய் என்னும் சொல்லும் இத்தகையதே. கச்சா எண்ணெய் வணிகத்தில் ஒரு பீப்பாய் என்பது 42 அமெரிக்கக் கேலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர். பிரிட்டனின் பீர் பீப்பாய் 36 இம்பீரியல் கேலன் கொண்டது. ஏறத்தாழ 164 லிட்டர். தமிழில் பீப்பாய் என்பது கலத்தின் பெயராகவும் வழங்குவதால், அளவைப் பொருள் எங்குள்ளது, கலப்பொருள் எங்குள்ளது என்பதையும் சூழல் கொண்டே அறிதல் வேண்டும்.

2. நாடும் காலமும்

சொல்லின் பொருளை வரையறுக்கும் சூழல்களுள் முதலாவது நாடு. மூலநூல் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ தோன்றியது என்றால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். கனடாவைப் பொறுத்தவரை எச்சரிக்கை தேவை. அந்நாடு அமெரிக்காவின் அண்டை நாடாயினும், மெட்ரிக் முறைக்கு மாறுமுன் அங்கு வழங்கியது இம்பீரியல் கேலனே.

இரண்டாவது சூழல் காலம். இம்பீரியல் கேலன் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரையறுக்கப்பட்டு 1826 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் இங்கிலாந்தில் மதுவுக்கு ஒரு கேலன், ஏல் என்னும் பீருக்கு ஒரு கேலன், தானியத்திற்கு ஒரு கேலன் என வெவ்வேறு அளவுகள் வழங்கின. 231 கன அங்குலம் கொண்ட மதுக்கேலனையே அமெரிக்கா தொடர்ந்து வைத்துக்கொண்டது. ஆகவே 1790ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேய ஆவணத்தில் மதுவின் அளவு கேலனில் குறிக்கப்பட்டிருப்பின், ஆவணம் பிரிட்டிஷாருடையது என்பதாலேயே 4.546ஆல் பெருக்குதல் பிழையாகும். கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்து ஆவணங்களைத் தமிழாக்குவோர் இதனை நினைவிற்கொள்ளல் நலம்.

3. அவுன்சும் கரண்டியும்

அவுன்ஸ் என்னும் சொல் எடுத்தலளவையிலும் முகத்தலளவையிலும் வழங்குவது. எடையவுன்ஸ் 28.35 கிராம். ஆங்கிலத்திலேயே 'திரவ' என்னும் அடை பலவிடங்களில் விடப்படுகிறது. தமிழில் அது பெரும்பாலும் இடம்பெறுவதேயில்லை. எட்டு அவுன்ஸ் பால் என்னும்போது கொள்ளளவும் எட்டு அவுன்ஸ் பாலாடைக்கட்டி என்னும்போது எடையும் குறிக்கப்படுகின்றன. தண்ணீர் போன்றவற்றில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒத்துவருவதால் பிழை வெளித்தெரியாது. மாவு, தேன் போன்றவற்றில் அது பெரிதாகிவிடும்.

இதனினும் இடர் மிக்கவை கரண்டியளவுகள். மருந்துக் குறிப்புகளில் தேக்கரண்டி 5 மி.லி.; மேசைக்கரண்டி 15 மி.லி. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மி.லி. ஆங்கிலக் குறிப்புகளில் தேக்கரண்டி, மேசைக்கரண்டி இரண்டின் சுருக்கங்களும் ஓரெழுத்தளவே வேறுபடுவன. இவ்விரண்டையும் வேறுபாடின்றிக் 'கரண்டி' என்றோ 'ஸ்பூன்' என்றோ தமிழாக்கினால், குழந்தைக்குத் தரவேண்டிய மருந்து மூன்று மடங்காகிவிடக் கூடும். நம் வீடுகளில் கரண்டி என்பது குழம்பு ஊற்றும் அகப்பையையும் குறிக்கும் என்பதை நோக்க, இப்பிழையின் விளைவு இன்னும் பெரிதாகலாம். மருந்துக் குறிப்பில் கரண்டியின் பெயர் வந்தாலும் வராவிட்டாலும் மில்லிலிட்டர் அளவு வந்தே தீரவேண்டும். அளவுக்குறியிட்ட மருந்து மூடியையோ ஊசியில்லாப் பீச்சுக்குழலையோ பயன்படுத்துமாறு சொல்வது மேலும் நன்று.

4. துல்லியமும் பொருளே

ஓர் எண் எவ்வளவு துல்லியமாகக் கூறப்பட்டுள்ளது என்பதும் அதன் பொருளின் ஒரு கூறாகும். 'ஏறக்குறைய பத்துக் கேலன்' என்னும் பிரிட்டிஷ் தொடரை '45.4609 லிட்டர்' எனப் பெயர்ப்பது கணக்கிற்குச் சரி, மொழிபெயர்ப்பிற்குத் தவறு. மூல ஆசிரியர் கூறாத துல்லியத்தை அது அவர்மேல் ஏற்றுகிறது. 'சுமார் 45 லிட்டர்' என்பதே நேரான பெயர்ப்பு. இதற்கு மாறாக, சட்டம், மருந்தியல், பொறியியல் ஆகிய துறைகளில் மூலம் தரும் துல்லியத்தைக் குறைத்தலும் கூடாது. இடைக்கணக்கில் முழு எண்ணையும் கொண்டு பெருக்கி, இறுதியில் மட்டும் மூலத்தின் துல்லியத்திற்கேற்ப முழுமைப்படுத்துதல் ஏற்ற முறையாகும்.

5. இரண்டு அலகுகள் இணையும் இடங்கள்

கேலனுக்கு இத்தனை மைல் என்பது போன்ற தொடர்களில் இரு அலகுகளும் மாறவேண்டும். பிரிட்டனில் பெட்ரோல் லிட்டரில் விற்கப்பட்டாலும் ஊர்தியின் எரிபொருள் திறன் இன்றும் கேலனுக்கு இத்தனை மைல் என்றே பேசப்படுகிறது. கேலனுக்கு 30 மைல் என்பது இம்பீரியல் முறையில் லிட்டருக்கு ஏறத்தாழ 10.6 கிலோமீட்டர்; அமெரிக்க முறையில் 12.8 கிலோமீட்டர். ஒரே வண்டி பிரிட்டனில் 30 என்றும் அமெரிக்காவில் 25 என்றும் குறிக்கப்படும். இதனை அறியாத மொழிபெயர்ப்பாளர் ஒன்றை மற்றொன்றைவிடச் சிறந்த வண்டியாக்கிவிடுவார்.

அலகின் பெயரை விட்டு எண்ணை மட்டும் நம்புவதன் விளைவுக்கு 1983 சூலை 23 அன்று கனடாவில் நிகழ்ந்த நிகழ்ச்சி சான்றாகும். ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானத்திற்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவைப்பட்டது. தொட்டியில் 7,682 லிட்டர் இருந்தது. அதனை எடையாக மாற்ற 1.77 என்னும் எண்ணால் பெருக்கினர். அது ஒரு லிட்டரின் எடையைப் பவுண்டில் குறிக்கும் எண். கணக்கிட்டவர்கள் விடையைக் கிலோகிராமாகக் கொண்டனர். கிலோகிராமிற்குரிய எண் ஏறத்தாழ 0.8 ஆகும். இதனால் ஏறத்தாழ 20,000 லிட்டர் நிரப்பவேண்டிய இடத்தில் 5,000 லிட்டருக்கும் குறைவாகவே நிரப்பப்பட்டது. நடுவானில் எரிபொருள் தீர்ந்து இரு இயந்திரங்களும் நின்றன. விமானிகளின் திறமையால் விமானம் கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் மிதந்திறங்கியது. அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். பெருக்கலில் பிழையில்லை, எண்ணோடு வரவேண்டிய சொல்லில்தான் பிழை.

6. மாற்றலாகாத இடங்கள்

எல்லா இடங்களிலும் மெட்ரிக் அளவே பொருந்தும் என்பதற்கில்லை. பிரிட்டனில் குழாயிலிருந்து ஊற்றிவிற்கும் பீருக்குப் பைண்ட் இன்றும் சட்டப்படியான அளவாகும். ஒரு கதைமாந்தர் விடுதியில் ஒரு பைண்ட் கேட்டால், அவர் '568 மில்லிலிட்டர் கொடு' என்று தமிழில் கேட்கமாட்டார். அங்குப் பைண்ட் என்பது அளவன்று. ஒரு குவளை மது. சூழலுக்கேற்பப் 'பைண்ட்' என்றே விடலாம். 'ஒரு பெரிய குவளை பீர்' எனவும் பெயர்க்கலாம். தமிழில் 'படியளத்தல்' என்பது உணவளித்துக் காத்தலைக் குறிக்கும்போது படியின் கொள்ளளவை யாரும் கணக்கிடுவதில்லை என்பதனோடு இதனை ஒப்பிடலாம்.

உரைநடைச் செய்திகளில் ஆங்கில அளவைத் தமிழ் மரபளவையாக்கும் முயற்சியும் விலக்கத்தக்கது. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்னும் வரிசையில் ஒன்றுக்கொன்றுள்ள விகிதம் தெளிவானது. 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். ஆனால் படியின் கொள்ளளவோ ஊருக்கு ஊர் வேறுபட்டு, பட்டணம் படி, சின்னப் படி, பெரிய படி என அடைபெற்று வழங்கியது. ஓர் ஐயத்தைப் போக்க மற்றோர் ஐயத்தைக் கொணர்வதால் பயனில்லை. மேலும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி நாடு மெட்ரிக் முறையை மேற்கொண்டது. இன்று நடைமுறையிலுள்ள 2009ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே பின்பற்றுகிறது. வாசகர் அறிந்த அளவு லிட்டரே.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பின்பற்றத்தக்க வரிசை ஒன்று பெறப்படும். முதலில் மூலத்தின் நாட்டையும் காலத்தையும் அளக்கப்படும் பொருளையும் கொண்டு அளவைமுறையைத் துணிதல். அடுத்து உரிய எண்ணால் பெருக்குதல். பின்னர் மூலத்தின் துல்லியத்திற்கேற்ப விடையை முழுமைப்படுத்துதல். முறையைத் துணியவியலாதபோது மூல அளவை அப்படியே தந்து, இருவகை மதிப்பையும் அடிக்குறிப்பில் காட்டுதல் நேர்மையான செயலாகும்.

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுகள் நெல்லின் அளவை வாளா கலம் என்று கூறி அமைவதில்லை. ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்த நெல் என்று அளவையின் பெயரைச் சுட்டுகின்றன. அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்பதையும் சொல்கின்றன. எந்த மரக்கால் என்று கூறாவிடில் கொடையின் அளவே ஐயத்திற்கிடமாகும் என்பதை அவற்றைப் பொறித்தோர் அறிந்திருந்தனர். எந்தக் கேலன் என்று கேட்கும் மொழிபெயர்ப்பாளரும் அந்த மரபையே பின்பற்றுகிறார்.